டி பக்கத்துப் பாட்டு

ஆம்பூர்,
22.10.2007

அன்பு மகள் ஜெமிக்கு,

அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையில் நானும் அப்பாவும் இங்கே சுகம், அப்பாவின் வலது முழங்கால் மட்டும் கிருபைக்கு வெளியே நிற்கிறது. நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர எனக்கு வேறு வழி வைக்கவில்லை நீ, ஃபோனில் கேட்டால் நல்லா இருக்கேம்மா என்ற இரண்டே சொல்லில் முடித்துவிடுகிறாய். உன் தம்பி ஷாஜினுக்குப் பாகாயத்தில் வேலை நிரந்தரமாகிவிட்டது. சனிக்கிழமை அழுக்குத் துணியோடு வருகிறான், ஞாயிறு சாயங்காலம் துவைத்த துணியோடு போகிறான், இடையில் என்ன நடந்தது என்பதில் அவனுக்கு எந்த ஆராய்ச்சியும் இல்லை. பாலாற்றில் தண்ணீர் வந்திருப்பதாகப் பேப்பரில் போட்டிருந்தான் என்று போய்ப் பார்த்தோம். பேப்பர்காரர் இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம். இதையெல்லாம் ஃபோனிலேயே சொல்லியிருப்பேன். இந்தக் கடிதத்துக்குக் காரணம் வேறு. உன் அப்பா உன்னுடைய இசைத்தட்டுக் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டார், அவர்களும் பதில் போட்டுவிட்டார்கள். அங்கே யாராவது உன்னிடம் சொல்வதற்கு முன்னால் நானே முழுவதையும் சொல்லிவிடுவது நல்லது.

நீ அனுப்பிய பார்சல் ஆகஸ்டு முதல் வாரம் வந்தது. சுங்கத்தில் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி ஒட்டியிருந்தார்கள், பிரித்தவரைவிட ஒட்டியவர் பொறுமைசாலி. உள்ளே முறம் அகலத்துக்கு ஒரு அட்டை, அதற்குள் இரண்டு கறுப்புத் தட்டு. சிடி என்று ஒன்று வந்து இத்தனை வருடம் ஆன பிறகும் அங்கே ஜனங்கள் இவ்வளவு பெரிய தட்டைத் தேடிப்போய் வாங்குகிறார்கள் என்று நீ எழுதியிருந்தாய், முன்னேறிய நாட்டில் அப்படித்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். அட்டைப் படத்தில் செங்கல் சுவரோரம் ஐந்து பேர் நிற்கிறீர்கள். நான்கு பேருக்கு யார் மீதோ கோபம், நீ ஒருத்திதான் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவள் போல் இருக்கிறாய். போட்டிருப்பது நான் பின்னிக் கொடுத்த மெரூன் ஸ்வெட்டர் என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது, இடது முழங்கையில் பிரிந்திருக்கிறது, படம் எடுக்கும் முன் ஒரு தையல் போட்டிருக்கலாம். மூலையில் ஃபங்க் ராக் என்று வட்டமாக ஒரு ஸ்டிக்கர். அதைப் படித்ததும் அப்பாவின் முகம் மாறிவிட்டது. ஈரத்தோலில் பூஞ்சைக்காளான் பிடித்தால் தோல் ஃபேக்டரியில் அதற்கு ஃபங்கஸ் என்று பெயர், அந்தச் சொல்லைக் கேட்டால் அப்பாவைப் போல் தோலைத் தரம் பிரிக்கிற செலக்டர்களுக்குச் சாப்பாடு இறங்காது என்பது உனக்குத் தெரியும். ஃபங்கஸ் பிடிச்ச மாலுன்னு அவங்களே சீட்டு ஒட்டி அனுப்பியிருக்காங்க, நாணயமான கம்பெனி என்றார்.

அவர் பேசியது என்னிடமா அட்டையிடமா என்று நான் கேட்கவில்லை. போன வருடம் ஜூன் மாதம், ஆஸ்பத்திரி வேலையை வாரம் மூன்று நாளாகக் குறைத்துக்கொண்டேன், மற்ற நாளில் பேஸ் கிட்டார் வாசிக்கப் போகிறேன் என்று நீ சொன்ன அன்று, ரிஜெக்‌ஷன் மாலுகிட்ட எனக்கு இன்னா பேச்சு என்று, கழித்துப்போட்ட சரக்கைச் சொல்வதுபோல் உன் காதில் விழும்படி சொல்லிவிட்டு என்னிடம் ஃபோனைக் கொடுத்தாரே, அதிலிருந்து பதினாறு மாதமாக உன்னிடம் அவர் பேசியது சாப்ட்டியா என்ற ஒரே கேள்வி. நீ சாப்பிட்டாயா இல்லையா என்று தெரிந்துகொள்ளும் முன்பே ஃபோன் என் கைக்கு வந்துவிடும். அதை நீ என்னிடம் ஒரு தடவைகூடக் குறையாகச் சொன்னதில்லை. சொல்லாததை நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அப்படிப்பட்டவர் மறுநாள் காலையில் முதல் தட்டை எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். தோலைப் பார்ப்பதுபோல் முதலில் நடு, பிறகு ஓரம், பிறகு தட்டைச் சுற்றிக்கொண்டே மறுபடி நடு. சட்டைப் பையிலிருந்து கனம் பார்க்கிற கேஜை எடுத்து நான்கு இடத்தில் வைத்தார். இரண்டு மில்லி, எங்கும் ஒரே கனம், வெட்டு இல்லை, கீறல் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பாட்டைப் பற்றி இதுவரை யாரும் இவ்வளவு நுட்பமாக விமர்சனம் செய்திருக்க மாட்டார்கள். கேட்பதற்குத்தான் வழியில்லை. ஆம்பூரில் இப்போது தட்டு சுழலுகிற மெஷின் வைத்திருப்பவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான், கல்யாணத்துக்கும் மாநாட்டுக்கும் மைக் செட் வாடகைக்கு விடுகிற நம் கவுஸ் பாஷா. உனக்கு ஞாபகம் இருக்கும், சர்ச்சில் பேஸ் கிட்டார் வாசித்தவர் மஸ்கட்டுக்குப் போன பிறகு, அதைத் தூக்க முடிந்தவள் நீதான் என்று உன்னிடம் கொடுத்தபோது, அறுந்துபோன ஒயரைப் பற்றவைத்துக் கொடுத்தவர் அவர். ஞாயிறு ஆராதனை முடிந்து நேராக அவர் கடைக்குப் போனோம். அப்பா தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார். வழியில் பார்த்தவர்கள் பெரிய எக்ஸ்ரே என்று நினைத்து உடம்புக்கு என்ன என்று கேட்டார்கள்.

ஏ பக்கம் போட்டார்கள். உங்கள் சங்கீதத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், தவறு இருந்தால் திருத்திக்கொள்கிறேன். பாடுகிறவர் ஆறு நிமிடம் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார். முப்பத்தொரு வருடம் தமிழ் வகுப்பில் நானும் அதைத்தான் செய்தேன் என்பதால் குறை சொல்ல மாட்டேன். நன்றாக வாசித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று ஐந்து பேரும் சேர்ந்து நிறுத்திவிடுகிறீர்கள். முதல் தடவை கரண்ட் போய்விட்டது என்று கவுஸ் பாஷா ஃபியூஸைப் பார்க்க எழுந்தார், அவர் எழுவதற்குள் மறுபடி ஆரம்பித்துவிட்டீர்கள். நான்காவது தடவை நிறுத்தியபோது அவர் எழவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். இதற்குத்தான் ரசனை என்று பெயர் என்று நினைக்கிறேன். அப்பா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவ்வளவு சத்தத்தில் அவள் எங்கே இருக்கிறாள் என்று கேட்டார். அவள் என்றுதான் சொன்னார், பேரைச் சொல்லவில்லை. கவுஸ் பாஷா கல்யாண ஸ்பீக்கர் ஒன்றை இழுத்து மாட்டி, எதையோ திருகிவிட்டு, காதால தேடாத தோஸ்த், வயித்துல இன்னா மோதுதோ அதான் பாப்பா என்றார். கொஞ்ச நேரத்தில் அலமாரியில் இருந்த எவர்சில்வர் டம்ளர்கள் ஒவ்வொன்றாக ஓரத்துக்கு நகர ஆரம்பித்தன. பின்கட்டிலிருந்து அவர் மனைவி முனவ்வர் பேகம் வந்து, லாரி எதுவும் வீட்டுக்குள் வரவில்லையே என்று கேட்டுவிட்டு, ஜெமியின் பாட்டு என்றதும் டம்ளர்களை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டார்கள். அப்பா ஏ பக்கத்தை மட்டும் மூன்று முறை போடச் சொன்னார்.

அடுத்த ஞாயிறு பி பக்கம். அன்று மெஷின் சூடாகட்டும் என்று கவுஸ் பாஷா காத்திருந்த நேரத்தில் அப்பா அட்டையின் பின்புறத்தை ஒரு பேக்கிங் லிஸ்ட் படிப்பதுபோல் படித்தார். ஏ, பி, சி, டி என்று நான்கு தலைப்பு, ஒவ்வொன்றின் கீழும் பாட்டுகள், பாட்டுக்குப் பக்கத்தில் அதை உண்டாக்கினவர் பெயர். ஏ-யில் உன் பெயர் இல்லை, பி-யில் இல்லை, சி-யில் இல்லை. டி-யில் கடைசிப் பாட்டுக்கு எதிரே ஜெமி ஞானமுத்து என்று இருந்தது. அப்பாவின் விரல் அங்கேயே நின்றுவிட்டது. அவர் இருபத்தொன்பது வருடமாகச் செய்கிற வேலை, மேசை மேல் வருகிற தோலைத் திருப்பிப் பார்த்து ஏ, பி, சி, டி என்று பிரிப்பது. ஏ என்றால் ஏற்றுமதி ஷூவுக்கு முகப்பு. டி என்றால் உள்ளே, யார் கண்ணிலும் படாத லைனிங். கவுஸ் பாஷாவைக் கேட்டார். அவர் தன்னிடமிருந்த பழைய சினிமாத் தட்டுகளை எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஒன்று, இரண்டு என்றுதான் போட்டிருக்கிறது, ஏபிசிடி போட்டு நான் பார்த்ததில்லை என்றார். என்னைக் கேட்டார்கள். எனக்கு வெண்பா தெரியும், இது தெரியாது. ஆகவே மூன்று பெரியவர்கள் சேர்ந்து, வெள்ளைக்காரர்கள் நான்கு பேரும் முதல் மூன்று தரத்தைத் தங்களுக்கு எடுத்துக்கொண்டு நம் பெண்ணுடையதை நான்காம் தரத்தில் தள்ளிவிட்டார்கள் என்று முடிவு செய்தோம்.

அந்த டி-யைத்தான் போட்டுக் கேட்டுவிடலாமே என்றேன். அப்பா என்னைப் பார்த்த பார்வையில் என் படிப்பு எல்லாம் போய்விட்டது. தரத்தில் தகராறு வந்த சரக்கை இன்ஸ்பெக்‌ஷன் முடியும்வரை இரண்டு தரப்பும் தொடக்கூடாதாம், தொட்டால் நஷ்டஈடு கேட்கிற க்ளைம் செல்லாதாம். இரண்டாவது தட்டைத் துணியில் சுற்றி பீரோவில் படுக்கை விரிப்புகளுக்கு நடுவே வைத்துப் பூட்டினார், சாவியை என்னிடம்கூடத் தரவில்லை. பிறகு உட்கார்ந்து அட்டையில் இருந்த விலாசத்துக்கு ஆங்கிலத்தில் எழுதினார். அய்யா, தங்கள் கம்பெனியின் தட்டு இரண்டு, பக்கம் நான்கு, நல்ல நிலையில் வந்து சேர்ந்தது, ஆனால் கடைசி உருப்படிக்குத் தாங்கள் போட்டிருக்கும் டி தரத்தை எங்களால் ஒப்புக்கொள்ள இயலவில்லை, எந்தக் குறையின் அடிப்படையில் இறக்கினீர்கள் என்று தெரிவிக்கவும், தேவைப்பட்டால் இரு தரப்பும் சேர்ந்து பார்வையிடலாம், இப்படிக்கு ஞானமுத்து, சீனியர் செலக்டர். கேட்காத பாட்டை டி இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். என் பொண்ணு வாசிச்சது டி-யா இருக்காது என்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் காலண்டரைப் பார்த்தார். அதில் அன்று விசேஷமாக ஒன்றும் இல்லை. அந்த நிமிடத்தில் போன வருட ஜூன் மாதத்தை எடுத்து அவர் முன்னால் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. கடிதத்தில் இரண்டு எழுத்துப் பிழை மட்டும் திருத்திக் கொடுத்தேன்.

பதில் செப்டம்பர் கடைசியில் வந்தது. அந்தக் கம்பெனியில் ஒரு அம்மா எழுதியிருந்தார்கள். ஏ, பி, சி, டி என்பது தரம் இல்லை, எதற்குப் பின் எதைக் கேட்பது என்கிற வரிசைதான், உங்களுக்குச் சங்கடம் உண்டாக்கியதற்கு மன்னிக்கவும் என்று ஆரம்பம். பிறகு, உங்கள் மகளுடைய உருப்படியை எங்கே வைப்பது என்றுதான் அதிக நாள் பேசினோம், கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு, அதற்குப் பின்னால் எதை வைத்துக் கேட்டாலும் கூட்டம் முடிந்து நாற்காலி மடக்குகிற சத்தம் போல் இருந்தது என்று எழுதியிருந்தார்கள். வகுப்பில் ஒரு பிள்ளை இப்படி எழுதியிருந்தால் நான் பத்துக்குப் பத்து போட்டிருப்பேன். அப்பா நான்கு தடவை படிக்கச் சொன்னார், நான்காவது தடவை நாற்காலி வரும் இடத்தை மட்டும். பிறகு பீரோவைத் திறந்தார். தட்டை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவர் நின்றுவிட்டார். ரம்ஜான் மாதம். கவுஸ் பாஷா மெஷினுக்குத் துணி போர்த்தி மூடிவிட்டார், நோன்பு முடியும்வரை பாட்டுக் கிடையாது, அது நமக்கே தெரிந்த வழக்கம், கேட்பதும் மரியாதையில்லை. இரண்டரை வாரம் அப்பா பிறை பார்க்கக் காத்திருந்தார். சர்ச் கமிட்டியில் பொருளாளராக இருக்கிற மனிதர் தினமும் காலையில் பெரிய மசூதித் தெருவழியாகச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போய், பிறை இருபத்தொன்பதா முப்பதா என்று விசாரித்ததில், அவருக்குள் ஏதோ மனமாற்றம் நடக்கிறது என்று அங்கே இரண்டு பேருக்குச் சந்தோஷமும் இங்கே போதகருக்குக் கவலையும் வந்துவிட்டது.

நேற்று ஞாயிறு. பெருநாள் போன வாரம் முடிந்தது, அன்று முனவ்வர் பேகம் அனுப்பிய பிரியாணியைச் சாப்பிடும்போதே அப்பா அடுத்த ஞாயிற்றைப் பற்றிப் பேசினார். ஈஸ்டருக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். டி பக்கத்தில் முதல் பாட்டு முடிந்தது. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் நீ மட்டும். கூட யாரும் இல்லாமல் கீழே, ரொம்பக் கீழே, கனமாக ஏதோ புரண்டு விழுகிறதுபோல் இரண்டு அடி, பிறகு ஒரு இடைவெளி, அந்த இடைவெளி முடிந்த பிறகும் இன்னும் கொஞ்சம் பொறுத்து ஒரு சின்னத் தட்டு. திரும்பத் திரும்ப அதுவே. மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்துகொண்டார்கள், நீ மாறவில்லை. கவுஸ் பாஷா தொழில்காரர், மூன்றாவது சுற்றிலேயே கண்டுபிடித்துவிட்டார், பாப்பா அந்தக் கடைசி அடி ஒவ்வொரு தபாவும் லேட்டா போடுதே என்றார். அப்பா கையை உயர்த்தி அவரைப் பேசாமல் இருக்கச் சொன்னார். இன்னும் இரண்டு சுற்றுக் கேட்டார். அவருடைய வலது கால், அந்தக் கெட்ட முழங்கால், தானாகத் தட்ட ஆரம்பித்துவிட்டது.

"லேட் இல்ல பாஷா. போல்ட்டு லூசு. இது நம்ம பதினொண்ணு" என்றார்.

எனக்கு ஒரு நிமிடம் பிடித்தது, பிறகு எனக்கும் கேட்டது. ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் சுவருக்கு அந்தப் பக்கம், தோலையும் தண்ணீரையும் போட்டுப் பகல் முழுக்கச் சுற்றுகிற அந்தப் பெரிய மர டிரம்களில் பதினொன்றாம் நம்பர். தோல் மேலே ஏறி விழுகிற சத்தம், பிறகு கதவில் ஆடுகிற போல்ட் ஒரு தட்டு. நீ கைக்குழந்தையாக இருந்தபோது அது ஓடினால்தான் தூங்குவாய், கிறிஸ்துமஸுக்கு ஃபேக்டரி மூடினால் இரண்டு நாளும் அழுகை, இயேசு பாலகன் பிறந்த மகிழ்ச்சியை நம் வீட்டில் யாரும் அனுபவித்ததில்லை. அட்டையில் அந்தப் பாட்டின் பெயர் லெவன் என்று போட்டிருந்ததன் அர்த்தம் எங்களுக்கு அப்போதுதான் பிடிபட்டது. ஏதோ மணி பதினொன்று என்று நினைத்திருந்தேன். எட்டு நிமிடம் அது ஓடி முடிந்து ஊசி நடுவட்டத்தில் உரசிக்கொண்டிருந்தது, கவுஸ் பாஷா எடுக்கவில்லை. அப்பா எழுந்து அட்டையை வாங்கி, தோலில் குறி போடுகிற நீலச் சாக்கட்டியை எடுத்து, டி என்று அச்சடித்திருந்ததை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு மேலே ஏ என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போட்டார். தரம் இல்லை, வரிசைதான் என்று அந்த அம்மா எழுதியிருக்கிறார்களே என்றேன். தெரியும் என்றார். இப்போது இரண்டு ஏ ஆகிவிட்டதே, எந்தப் பக்கத்தைப் போடுவது என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கவுஸ் பாஷா நியாயமாகக் கேட்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் அப்பா மேம்பாலத்துக்குக் கீழே வந்தபோது நின்று, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"அன்னிக்கு மாலுவப் பாக்காமலே கிரேடு போட்டுட்டேன். அது செல்லாது."

போன வருட ஜூன் மாதத்தைத்தான் சொல்கிறார். அவரால் இதற்கு மேல் சொல்ல முடியாது என்பது எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். இத்தனை வருடத்தில் தோல் வாங்குகிற இத்தாலிக்காரர்கள் எத்தனையோ க்ளைம் போட்டும் அவர் ஒரு தோலுக்குக்கூடத் தான் போட்ட தரத்தை மாற்றியது கிடையாது. இன்று காலை அந்தக் கம்பெனிக் கடிதத்தை ஜெராக்ஸ் எடுக்கப் போனார். ஒன்று போதகருக்கு, அவர் கவலை தீரும்படி. ஒன்று ஃபேக்டரி அறிவிப்புப் பலகைக்கு, பாதுகாப்பு விதிகளுக்கு மேலே. ஃபிட்டர் வேலு பதினொன்றாம் நம்பரில் அந்த லூஸ் போல்ட்டை மாற்ற ஸ்பேனரோடு வந்தானாம், அதில் கையை வைக்காதே என்று அப்பா திருப்பி அனுப்பிவிட்டாராம். செலக்டருக்கு டிரம் மேல் அதிகாரம் கிடையாது, ஆனால் யார் கேட்பது. எனக்கும் பெருமைதான் ஜெமி. வாயால் சொல்லிப் பழக்கமில்லை, அதனால் எழுதிவிட்டேன், ஒரு தடவைதான் எழுதுவேன், பத்திரமாக வைத்துக்கொள்.

ஆஸ்பத்திரி மூன்று நாளும் ஒழுங்காகப் போ, மருந்து கொடுக்கிற கை, தாளம் போட்டுக்கொண்டே கொடுக்காதே. அந்தக் கிட்டாரை எப்போதும் ஒரே தோளில் மாட்டாதே, அட்டைப் படத்திலேயே இடது தோள் இறங்கியிருக்கிறது. ஸ்வெட்டரை அனுப்பினால் தைத்துத் தருகிறேன். ஞாயிறு நீ கூப்பிடும்போது அப்பாதான் எடுப்பார், வழக்கம்போல் சாப்ட்டியா என்றுதான் கேட்பார். இந்தத் தடவை அம்மாகிட்ட குடுங்க என்று சொல்லிவிடாதே. என்ன சாப்பிட்டாய் என்று நிதானமாகச் சொல். கொஞ்சம் சும்மா இரு. உன் பாட்டில் அந்தக் கடைசி அடிக்கு எவ்வளவு நேரம் காத்திருக்கிறாயோ அவ்வளவு நேரம் காத்திரு, வரும். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், உன் விரல்களையும் சேர்த்துத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உன் அன்புள்ள அம்மா,
ஜெ. ஜெயபுஷ்பம்

பி.கு. கடிதத்தைத் தபாலில் சேர்ப்பதாக அப்பா கேட்கிறார். ஒட்டாமல்தான் கொடுக்கிறேன். கீழே நீலத்தில் ஏதாவது இருந்தால் எனக்குத் தெரியாது.

ஜெமி, சாப்ட்டியா. 11 நல்லா ஓடுது. — அப்பா